தொழிற் பெயரும் ஜாதிப் பெயரும்

சேர்வராயன் மலை செம்மநத்தத்திலிருந்து தோழர் ஒருவர் நமக்கு ஒரு கேள்வி எழுதியிருக்கின்றார். அவ்வூருக்கு வந்த வருணாசிரம அன்பர் ஒருவர், "வெள்ளைக்காரனுக்கு மாத்திரம் ஜாதி இல்லையா? ஸ்மித் என்றால் கொல்லன், டெய்லர் என்றால் தையற்காரன். அவன் பெயரில் தொழில் இருக்கலாம், நம் பெயரில் இருந்தால் மாத்திரம் குற்றமோ?" என்று கேட்டாராம். கூட இருந்தவர்கள் பதில் தெரியாமல் விழித்தார்களாம். ஜாதியைக் காப்பாற்ற வேறு காரணம் கிடைக்காதபோதெல்லாம் சொல்லப்படும் வாதம் இது. ஆதலால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

அம்மலையிலிருந்தே துவக்கலாம். 1820களில் சேலம் கலெக்டராயிருந்து, ஏற்காட்டில் காப்பி பயிராக்கியவர் எம்.டி. காக்பர்ன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். அவருடைய குடும்பப் பெயர் ஓர் இடத்தின் பெயர். ஆனால் அந்நாட்டில் தொழிலால் வந்த பெயர்களும் ஏராளம். வெப்ஸ்டர் என்றால் நெசவு செய்பவர். பாக்ஸ்டர் என்றால் ரொட்டி சுடுபவர். மக்கின்டயர் என்றால் தச்சன் மகன். ஸ்டூவர்ட் என்றால் அரண்மனை மேல்விசாரணைக்காரர். அந்த உத்தியோகத்தைப் பரம்பரையாகப் பார்த்த குடும்பமே 1371ல் ஸ்காட்லாந்தின் சிங்காதனத்திலும், 1603ல் இங்கிலாந்தின் சிங்காதனத்திலும் ஏறிற்று.

நமக்கு அதிகம் பழக்கமான பெயர் நேப்பியர். சென்னையில் கூவத்தின் மேல் 1869ல் கட்டப்பட்ட பாலத்துக்கு, 1866 முதல் 1872 வரை கவர்னராயிருந்த நேப்பியர் பிரபுவின் பெயர்தான் இருக்கின்றது. அந்தப் பெயருக்கு அர்த்தம் என்ன? பெரிய வீடுகளில் சாப்பாட்டு மேசை விரிப்புகளையும் கைத்துணிகளையும் எண்ணி எடுத்து வைத்துக் காப்பாற்றும் வேலைக்காரன் என்பதே அர்த்தம். ஓட்டல்களில் நாம் வாங்கிக் கை துடைக்கும் நாப்கினும் இந்தப் பெயரும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

ஆனால் பிரபுக்களான பிறகு துணிக்காரன் என்று சொல்லிக் கொள்ளக் கூச்சம் வராதா? உடனே ஒரு புராணம் பிறந்துவிட்டது. முன்னொரு காலத்தில் ஒரு யுத்தம் நடந்ததாம், லெனக்ஸ் பிரபு வமிசத்து வீரனொருவன் தோற்கவிருந்த படையை ஜெயிக்க வைத்தானாம், அரசன் மகிழ்ந்து, "இவனுக்கு ஈடு இல்லை" என்று தங்கள் பேச்சில் "நே பியர்" என்றானாம், அதுவே பெயராயிற்றாம்! முகத்தில் பிறந்தவன், தோளில் பிறந்தவன் என்ற கதைகளுக்கும் இதற்கும் என்ன பேதம்? புராணம் எழுதும் புத்தி எந்த ஒரு நாட்டுக்கும் தனிச் சொத்தல்ல. ஆனால் அங்கே ஆராய்ச்சிக்காரன், "இது கட்டுக்கதை, உன் பெயர் துணியிலிருந்து வந்தது" என்று எழுதினால், அவனை யாரும் மத நிந்தனைக்காரன் என்பதில்லை.

அந்தக் குடும்பத்தில் பிறந்த ஜான் நேப்பியர் என்பவர்தான் 1614ல் லாகரிதம் என்னும் மடக்கைக் கணக்கை வெளியிட்டார். வான சாஸ்திரிகளும் மாலுமிகளும் மாதக் கணக்கில் போட்ட கணக்கை நாட்கணக்கில் முடிக்க அது உதவிற்று. அதே மனிதர் 1593ல் பைபிளை வைத்துக் கணக்குப் போட்டு, 1700க்குள் உலகம் முடிந்துவிடும் என்றும் எழுதினார். உலகம் முடியவில்லை, வேதத்தை நம்பிப் போட்ட கணக்கு பொய்த்தது, புத்தியை நம்பிப் போட்ட கணக்கு நிலைத்தது. நாம் கவனிக்க வேண்டியது, துணி காத்தவன் பெயரைத் தாங்கியவர் கணக்குப் படிக்கக் கூடாதென்று எந்த ஸ்மிருதியும் குறுக்கே வரவில்லை என்பதேயாகும்.

நிற்க. ஸ்காட்லாந்து சமதர்ம பூமியாயிருந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. அங்கே 1606ல் செய்யப்பட்ட ஒரு சட்டம், நிலக்கரிச் சுரங்கத்தாரையும் உப்புக் காய்ச்சுவோரையும் முதலாளிகளுக்குக் கட்டிப் போட்டது. தகப்பனோடு பிள்ளையும் சுரங்கத்துக்கே சொந்தமாகிக் கொண்டிருந்தது. அது ஏறக்குறைய நம் ஜாதி முறைதான். ஆனால் அது மனிதன் செய்த சட்டம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனவே 1775லும் 1799லும் வேறு சட்டங்கள் செய்து அதை ஒழித்தார்கள். இங்கேயோ கட்டைப் போட்டவன் கடவுள் என்று சொல்லிவிட்டதால், அவிழ்க்கப் போகிறவன் நாஸ்திகனாகி விடுகின்றான்.

இப்போது வருணாசிரம அன்பரை நாம் கேட்கின்றோம். வெப்ஸ்டர் என்ற பெயருடையவன் தறியைத் தொட்டே ஆக வேண்டுமா? பாக்ஸ்டர் வீட்டுப் பெண்ணை ஸ்மித் வீட்டுப் பையன் கல்யாணம் செய்துகொண்டால் ஊர் வெட்டரிவாள் தூக்குமா? அங்கே தொழில் போய்விட்டது, பெயர் என்ற ஓடு மாத்திரம் மிஞ்சியிருக்கின்றது. இங்கே பெயரை எடுத்தாலும் தொழிலும் இழிவும் விடுவதில்லை. துணி காத்தவன் வமிசம் அங்கே கவர்னராயிற்று. இங்கே துணி வெளுத்தவர்கள் கதி என்ன? தீண்டப்படாதவர் என்று தள்ளப்பட்ட மக்களுக்கு வெளுத்த புதிரை வண்ணார், கண்ணில் படுவதே தீட்டு என்று ஒதுக்கப்பட்டிருந்தார்கள். அவர்களுக்கென்று ஒரு நல வாரியம் ஏற்பட 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1953ல்கூட, கிராமத்துப் பிள்ளைகள் அரை நாள் பள்ளியிலும் மீதி நேரம் தகப்பன் தொழிலிலும் பழக வேண்டும் என்று ராஜாஜி அரசாங்கம் திட்டம் போட்டதல்லவா? மக்கள் கிளர்ச்சி செய்த பிறகல்லவா 1954ல் அது ஒழிந்தது? எந்த நேப்பியர் பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடம் மத்தியானம் மேசைத்துணி மடிக்க அனுப்பிற்று?

1927ல் பெரியார் தம் பெயரிலிருந்த நாயக்கரை வெட்டினார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மகாநாடு ஜாதிப் பட்டங்களை விட்டுவிடத் தீர்மானித்தது. அதன் பலனாக, இன்று தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் ஜாதியைப் போட்டுக் கொள்ள வெட்கப்படுகின்றார்கள். வட நாட்டார் இதைப் பார்த்து ஆச்சரியப்படுகின்றார்கள். ஆனால் இதோடு திருப்தியடைவதற்கில்லை. பெயரில் இல்லாததை, "எந்த ஊர், எந்தத் தெரு, குலதெய்வம் எது?" என்று சுற்றி வளைத்துக் கேட்டுத் தெரிந்து கொள்கின்றார்கள். கல்யாணப் பேச்சு வந்தவுடன், வெட்டிய வால் மறுபடி முளைத்துவிடுகின்றது.

ஆதலால் செம்மநத்தம் தோழர்களுக்கு நாம் சொல்வது இது. இனி எவராவது ஸ்மித்தைக் காட்டி ஜாதியை நியாயப்படுத்தினால் சண்டைக்குப் போக வேண்டாம். "சரி அய்யா, நமக்கும் அப்படியே இருக்கட்டும். பெயரை வைத்துக் கொள்வோம். தொழிலை அவரவர் இஷ்டத்துக்கு விடுவோம். பெண் கொடுப்போம், பெண் எடுப்போம். சம்மதமா?" என்று கேளுங்கள். சம்மதம் என்றால் ஜாதி ஒழிந்தது. இல்லை என்றால் ஸ்மித் கதை எதற்காகச் சொல்லப்பட்டது என்பது கூடியிருப்பவர்களுக்கே விளங்கிவிடும்.