எம்பாப்பே வழக்கும் ஒப்பந்த ஊக்கத்தொகையும்

கிலியன் எம்பாப்பேவுக்குச் சுமார் 6 கோடி யூரோ வழங்குமாறு பிஎஸ்ஜி அணிக்கு பாரீஸ் தொழிலாளர் நீதிமன்றம் 2025 டிசம்பரில் உத்தரவிட்டது. நிலுவையில் இருந்தவற்றில் முக்கியமானது, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதற்கான ஊக்கத்தொகை.

ஒப்பந்தக் காலம் முடிந்த வீரரைச் சேர்க்கும் அணி, பழைய அணிக்குப் பணம் தர வேண்டியதில்லை என்பது ஐரோப்பிய நீதிமன்றத்தின் 1995-ஆம் ஆண்டு போஸ்மன் தீர்ப்பு. அவ்வாறு மிச்சமாகும் பணத்தில் பெரும்பங்கை வீரர்களே கேட்கின்றனர். அவர்களைத் தக்கவைக்க விரும்பும் அணியும் அதற்கு ஈடுகொடுத்தாக வேண்டும். 2022-இல் பிஎஸ்ஜி செய்தது அதுவே.

எனினும், பேசிய தொகை தவணைகளாகவே வருகிறது. எம்பாப்பே ரியல் மாட்ரிட் செல்வது உறுதியான நிலையில், கடைசித் தவணையும் மூன்று மாத ஊதியமும் நின்றன. அவர் வாய்மொழியாக விட்டுக்கொடுத்ததாக பிஎஸ்ஜி வாதிட்டது. எழுத்துபூர்வ ஆதாரம் இல்லை. உலகப் புகழும் வழக்கறிஞர் குழுவும் உள்ளவருக்கே தீர்ப்புக்கு ஓராண்டுக்கும் மேல் ஆனது.