தாலிக்கு முன்னால் ஒரு தேதி

அமெரிக்க மாப்பிள்ளை என்றதும் பெண் வீட்டார் கேட்கும் கேள்விகள் தெரிந்தவைதான். சம்பளம் எவ்வளவு? எந்தக் கம்பெனி? ஜாதகம் பொருந்துகிறதா? பலர் கேட்க மறப்பது ஒன்று உண்டு. அவர் அங்கே எந்த அந்தஸ்தில் இருக்கிறார்? பெண் கணவனோடு குடித்தனம் தொடங்குவாளா, பிறந்த வீட்டிலேயே காத்திருப்பாளா என்பதை முடிவு செய்வது இதற்கான பதில்தான்.

மாப்பிள்ளை எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவர் என்றால் மனைவி எச்-4 விசாவுக்கு விண்ணப்பித்துக் கூடவே போகலாம். வேலைக்குப் போவது வேறு விஷயம். கணவரின் கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் அதற்கு அனுமதி. 2015-ல் வந்த விதி இது. மாப்பிள்ளை அமெரிக்கக் குடிமகன் என்றால் மனைவிக்கு ஆண்டு ஒதுக்கீடு, எண்ணிக்கை வரம்பு எதுவும் கிடையாது. மனு பரிசீலனைக்கு ஆகும் காலம் மட்டுமே தாமதம்.

மாட்டிக்கொள்வது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கிரீன் கார்டுக்காரர். அவருடைய மனைவி குடும்ப ஒதுக்கீட்டின் இரண்டாவது பிரிவில் வரிசையில் நிற்க வேண்டும். இந்தப் பிரிவுக்கு ஆண்டுக்கு 1,14,200 விசாக்கள் அடிப்படை ஒதுக்கீடு. அதில் குறைந்தது 77 சதவீதம் மனைவி அல்லது கணவர், 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஆகியோருக்கு. கேட்பவர்கள் கூடினால் வரிசையும் நீளும். 1990-களில் இது வருடக்கணக்கில் நீண்டது. அந்தக் காத்திருப்பைத் தாங்க முடியாமல்தான் 2000 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் 'வி' விசாவைக் கொண்டுவந்தது. அதுவும் அந்த மாதம் 21-ம் தேதிக்குள் மனு போட்டவர்களுக்கு மட்டும்.

இங்கேதான் முகூர்த்த நாள் முக்கியமாகிறது. வேலை மூலம் ஒருவருக்குக் கிரீன் கார்டு கிடைக்கிறது. அதற்கு முந்தைய நாள் திருமணம் முடிந்திருந்தால், கணவரின் ஒதுக்கீட்டிலேயே மனைவிக்கும் இடம் உண்டு. தனி மனு வேண்டாம். மறுநாள் தாலி கட்டினால் அந்த உரிமை போய்விடும். புதிதாக மனு போட்டு வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். 'கார்டு வந்த பிறகு கல்யாணம் வைத்துக்கொள்ளலாம்' என்று நல்லெண்ணத்தோடு தள்ளிப்போடும் பெற்றோருக்கு இது தெரிவதில்லை. 'டூரிஸ்ட் விசாவில் போய்விட்டு அங்கே பார்த்துக்கொள்ளலாம்' என்ற யோசனையும் ஆபத்தானது. திரும்பி வரும் எண்ணம் இல்லை என்று தூதரக அதிகாரி கருதினால் விசா கிடையாது.

மனுவைத் தொடங்குவது பெண் கையில் இல்லை. ஐ-130 என்ற படிவத்தைப் போட வேண்டியவர் அங்கே இருக்கும் கணவர். கூடவே திருமணப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். கோயில் ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் அதற்கு ஈடாகாது. எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லிவிட்டது. யாருக்காவது முன்பு திருமணம் நடந்திருந்தால் அது முடிந்ததற்கான ஆதாரமும் தேவை. இது நிஜமான கல்யாணம்தான் என்று காட்டப் போட்டோக்கள், பயண டிக்கெட்டுகள், கடிதப் போக்குவரத்து எல்லாம் உதவும். பிறகு கணவரின் வருமான உறுதிமொழி, பாஸ்போர்ட் அலுவலகத்தின் போலீஸ் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை, கடைசியில் தூதரகத்தில் நேர்காணல்.

விசா கிடைத்ததோடு கதை முடிவதில்லை. கணவரின் மனு மூலம் போகும் பெண்ணுக்கு, அங்கே நுழையும் நாளில் கல்யாணமாகி இரண்டு ஆண்டு நிறையவில்லை என்றால், இரண்டு ஆண்டுக்கான நிபந்தனைக் கார்டுதான் கிடைக்கும். போலித் திருமணங்களைத் தடுக்க 1986-ல் வந்த சட்டம் இது. கெடு முடியும் முன் கடைசி 90 நாட்களுக்குள் கணவன், மனைவி இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டு நிபந்தனையை நீக்கக் கேட்க வேண்டும். 'கையெழுத்துப் போடமாட்டேன்' என்று மிரட்டும் கணவனிடம் அடி வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கும் பெண்ணுக்கு, அந்தக் கையெழுத்து இல்லாமலும் வழி உண்டு. கொடுமைக்கு ஆளானதையோ, உண்மையாக நடந்த திருமணம் விவாகரத்தில் முடிந்ததையோ நிரூபித்தால் அவள் தனியாகவே மனு செய்யலாம்.

அதற்கு ஆதாரம் அவள் கையில் இருக்க வேண்டும். சீர்வரிசைப் பட்டியலோடு பதிவுச் சான்றிதழ், மனுவின் நகல், அதன் ரசீது எண் ஆகியவையும் பெண்ணின் பெட்டியில் இருப்பது நல்லது. மாப்பிள்ளையின் கார்டில் இருக்கும் தேதியைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்குகிறவர்கள், ஜாதகத்தைக் கேட்கத் தயங்குவதில்லையே.