சுவர் இருந்தால்தான் சித்திரம்!

(மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, "நமக்கு எதுக்குப்பா எழுத்தெல்லாம்? லேத்தும் வெல்டிங்கும் போதும்" என்று நழுவப் பார்த்தேன். ஆனால் ஒரு விஷயம் ஒரு வருஷமாக நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. அதை இங்கே இறக்கி வைத்துவிடுகிறேன். படித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

என் மாமா ஊர் ஊராகப் போகும் பொருட்காட்சியில் வேலை செய்கிறவர். ராட்டினம், மரணக் கிணறு, பேய் வீடு என்று எல்லாவற்றிலும் கை வைத்தவர். போன வருஷம் செமஸ்டர் லீவில், கைச்செலவுக்கு ஆகுமே என்று நானும் அவரோடு போனேன். பேய் வீட்டில் எனக்கு வேலை. தகரமும் பிளைவுட்டும் வைத்து அடைத்த இருட்டு வழி. உள்ளே எலும்புக்கூடு, சிவப்பு பல்பு, டேப்பில் அலறல். டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழைகிறவர்கள் இருட்டில் தடவித் தடவி மறுபக்கம் வந்து சேர வேண்டும்.

இரண்டாம் நாள் மாமா என்னைக் கூப்பிட்டார். "மாப்ள, அந்தப் பக்கக் கதவு இடுக்கு வழியா வெளிச்சம் வருதுடா. மூடே போயிருது. கறுப்புத் துணிய வச்சு ஆணி அடிச்சிரு." அது ஆபத்து நேரத்தில் திறக்க வேண்டிய கதவு. எனக்குத் தெரியும். தெரிந்தே அடித்தேன். நாலு பக்கமும், ஒரு இடுக்குக் கூட விடாமல், சுத்தமாக அடித்தேன். "பாலிடெக்னிக் பையன் வேலைன்னா வேலைதான்" என்று மாமா தட்டிக் கொடுத்தார். பத்தொன்பது நாள் அந்தப் பேய் வீடு ஓடியது. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதால் நான் செய்தது சரியாகிவிடுமா?

லீவு முடிந்து வந்ததும் தொழிற்சாலைப் பாதுகாப்புப் பாடத்தில் எங்கள் சார் ஒரு சம்பவத்தைச் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எட்டுப் பேர்

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் என்று ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்கா. அதில் 'பேய்க் கோட்டை' ஒன்று இருந்தது. முன்னால் பார்த்தால் கோட்டை. பின்னால் போய்ப் பார்த்தால் லாரிகள் இழுத்துப் போகும் அலுமினிய டிரெய்லர்கள் பதினேழை ஒன்றோடு ஒன்று சேர்த்து வைத்தது. உள்ளே வளைந்து வளைந்து போகும் இருட்டு வழி. 1984 மே 11 மாலை அங்கே தீப்பிடித்தது. இருட்டில் வழி தெரியாமல் யாரோ ஒரு பையன் சிகரெட் லைட்டரைப் பற்றவைத்தான் என்றும், அது சுவரில் இருந்த நுரை மெத்தையில் பட்டது என்றும் விசாரணையில் சொல்லப்பட்டது. எட்டுப் பேர் இறந்தார்கள். எட்டுப் பேரும் பதின்வயதுப் பிள்ளைகள். ஏறக்குறைய நம் வயதுதான் தோழர்களே!

அங்கே தண்ணீர் தெளிப்பான் இல்லை. புகை உணர்த்தும் கருவியும் இல்லை. ஏன் இல்லை? டிரெய்லர்கள் சக்கரத்தின் மேல் நிற்பவை, ஆகவே இது 'தற்காலிக அமைப்பு' என்று வைத்துக்கொண்டார்கள். கட்டடத்துக்கு உள்ள சட்டம் அதற்குப் பொருந்தவில்லை. அந்தத் தற்காலிகம் 1979 முதல் ஐந்து வருஷம் நின்றது! பிறகு வழக்கு நடந்தது. 1985-ல் நிறுவனம் குற்றமற்றது என்று ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். சட்டம் விட்டுவிட்டது. போன பிள்ளைகள் திரும்பி வந்தார்களா?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். சாதாரணக் கட்டடத்தில் புகை வந்தால் ஓடுவோம். பேய் வீட்டில் புகை வந்தால்? "சூப்பரா செட் பண்ணியிருக்கான்டா" என்று கை தட்டுவோம். அலறல் கேட்டால் சிரிப்போம். அங்கே எது நிஜம், எது வேஷம் என்று தெரியக்கூடாது, அதற்குத்தான் டிக்கெட். அப்படியானால் நிஜமான ஆபத்து வரும்போது வேஷத்தைக் கலைக்க ஒரு வழி இருந்தே ஆக வேண்டும் அல்லவா?

அலங்காரம் வேண்டாம் என்கிறேனா?

இல்லவே இல்லை. அழகு வேண்டாம், மாயம் வேண்டாம், நாலு இரும்புக் கம்பியும் ஒரு ராட்டினமும் போதும் என்று சொல்ல நான் வரவில்லை. வாரம் ஆறு நாள் வெயிலில் காய்கிறவன் ஏழாம் நாள் குழந்தையோடு அரை நாள் வேறு உலகத்துக்குப் போக ஆசைப்படுகிறான். அந்த ஆசை நியாயமானது. என் தங்கை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்த டைனோசரைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் அதே பேச்சாக இருந்தாள்.

நான் சொல்வது, நல்ல என்ஜினியரிங் இருந்தால் அழகும் பாதுகாப்பும் சண்டை போட வேண்டியதில்லை என்பதுதான். இதற்கு டிஸ்னிலேண்டே சாட்சி.

கலிஃபோர்னியாவில் 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்ட் திறந்தபோது முதல் நாளே சந்தி சிரித்தது. புதிதாகப் போட்ட தார் வெயிலில் இளகி, பெண்களின் குதிகால் செருப்பு அதில் புதைந்தது. பிளம்பர்கள் வேலைநிறுத்தத்தால் குடிதண்ணீர்க் குழாய்கள் போதவில்லை. கோட்டை தயார், கோமாளி தயார், குடிக்கத் தண்ணீர் இல்லை! கனவுலகத்துக்கு வந்தவனுக்கும் தாகம் எடுக்கும் என்பதுதான் அன்று கிடைத்த முதல் பாடம்.

ஆனால் அவர்கள் பாடம் படித்தார்கள். 1959-ல் அங்கே மாட்டர்ஹார்ன் மலையைக் கட்டினார்கள். சுவிட்சர்லாந்து மலையின் நூறில் ஒரு பங்கு உயரம், 147 அடி. வெளியே பார்த்தால் பனி மலை. உள்ளே எஃகுக் குழாயால் ஆன ரோலர் கோஸ்டர் தண்டவாளம். அந்தத் தண்டவாளத்தைப் பல பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பகுதியில் ஒரு வண்டிதான் இருக்கலாம். முன்னால் போன வண்டி அந்தப் பகுதியை விட்டு வெளியேறாவிட்டால் பின்னால் வரும் வண்டியை பிரேக் பிடித்து நிறுத்திவிடும். நம் ரயில்வே சிக்னல் கணக்குத்தான். வருகிறவன் கண்ணுக்குப் பனி தெரிகிறது, அவன் உயிரைக் காக்கிற பிரேக் தெரிவதில்லை. அதுதான் நம் தொழில்!

ஃபுளோரிடாவில் 1971-ல் திறந்த பூங்காவில் இன்னொரு நல்ல யோசனை. மக்கள் நடக்கும் வீதி உண்மையில் முதல் மாடி. அதன் கீழே ஊழியர்களுக்கென்று தனிப் பாதைகள் ஓடுகின்றன. குப்பை, சரக்கு, வேஷம் போட்ட ஆட்கள் எல்லாம் கீழேயே போய்வரலாம். நிலத்தடி நீர் மட்டம் அங்கே மிக மேலே இருப்பதால் பள்ளம் தோண்டாமல், பாதையைத் தரையிலேயே கட்டி, மேலே மண் நிரப்பி ஊரைத் தூக்கி வைத்தார்கள். அங்குள்ள சிண்ட்ரெல்லா கோட்டையின் உயரம் 189 அடி. 200 அடியைத் தொட்டால் விமானங்களுக்காக உச்சியில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது அங்குள்ள விதி. தேவதைக் கதைக் கோட்டையில் சிவப்பு விளக்கு எரிந்தால் நன்றாகவா இருக்கும்? அதற்காக அவர்கள் விதியை ஏமாற்றவில்லை. "யார் பாக்கப் போறா" என்று விளக்கைப் பிடுங்கவும் இல்லை. கோட்டையை 200 அடிக்குக் கீழேயே கட்டினார்கள். கீழ் அடுக்கைப் பெரிதாகவும் மேல் அடுக்கைச் சிறிதாகவும் கட்டி, உயரமாகத் தெரியும்படி செய்தார்கள். விதியும் பிழைத்தது, கதையும் பிழைத்தது.

ஒரே ஒரு ரிலே

"அதெல்லாம் சரி தம்பி, வெளியேறும் கதவுக்கு லைட் போட்டா பேய் வீடு பேய் வீடா இருக்குமா?" என்று எங்கள் பொருட்காட்சி முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அந்த எட்டுப் பேர் போன பிறகு அமெரிக்காவில் எழுதிய விதிகளில் இருக்கிறது. இப்படிப்பட்ட இருட்டுக் காட்சி வீடுகளில் தெளிப்பானும் புகை உணர்த்தும் கருவியும் கட்டாயம். புகை தெரிந்த உடனே வழியெல்லாம் விளக்கு எரிய வேண்டும். அலறல் சத்தம் நிற்க வேண்டும். வெளியேறும் வழி பளிச்சென்று தெரிய வேண்டும். அதுவரை இருட்டு இருட்டாகவே இருக்கலாம்!

எலெக்ட்ரிக்கல் துறை நண்பர்களே, இது என்ன பெரிய வித்தையா? ஒரு டிடெக்டர், ஒரு ரிலே, பேட்டரியில் எரியும் சில விளக்குகள். கரண்ட் போனாலும் விளக்கு எரியும்படி வயரிங். நம் இரண்டாம் வருஷ லேபில் செய்கிற சர்க்யூட்டை விடக் கொஞ்சம்தான் பெரிது. நாற்பது வருஷத்துக்கு முன்பே பதில் கிடைத்த கேள்விக்கு நாம் இன்னும் கறுப்புத் துணியில் பதில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

"அதெல்லாம் அந்தக் காலம், அந்த நாடு" என்று தள்ளிவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் ட்ரீம்வேர்ல்ட் பூங்காவில் 2016 அக்டோபர் 25 அன்று நான்கு பேர் இறந்தார்கள். காட்டாற்றில் தெப்பம் போவது போன்ற விளையாட்டு. பம்பு நின்றது, தண்ணீர் மட்டம் இறங்கியது, ஒரு தெப்பம் தட்டி நின்றது, பின்னால் வந்தது அதில் மோதியது. தண்ணீர் குறைந்தால் தானே நிறுத்தும் கருவி அங்கே இல்லை. ஆற்றைச் செய்தவர்கள் ஆற்றை அளக்க மறந்தார்கள்.

நம் நாட்டுக்கே வாருங்கள். குஜராத்தில் ராஜ்கோட் நகர விளையாட்டுக் கூடத்தில் 2024 மே 25 அன்று தீ. குழந்தைகள் உட்பட 25 பேருக்கு மேல் பலி. உள்ளே ஆட்டம் நடக்கும்போதே வெல்டிங் வேலையும் நடந்திருக்கிறது. தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லாமலே அந்த இடம் ஓடியிருக்கிறது. வெல்டிங் பொறி எங்கே விழும் என்று பார்ப்பது நமக்கு முதல் வருஷப் பாடம்! நம் ஸ்ரீரங்கத்தில் 2004 ஜனவரி 23 அன்று ஒரு கல்யாண மண்டபத்தில் கூரைப் பந்தல் பற்றிக்கொண்டு 50 பேருக்கு மேல் இறந்தார்கள். வாழ்த்த வந்தவர்கள் தோழர்களே!

அப்பா சொன்னது

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பாவுக்கு சென்ட்ரிங் வேலை. அம்மா சித்தாள். துணி அடித்த கதையை அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "வீடு குடி போறவன் டைல்ஸத்தான் பாப்பான். நான் குடுத்த முட்ட எவன் பாப்பான்? ஆனா காங்கிரீட் காயற வரைக்கும் அத்தன பேர் உசுரும் அந்தச் சவுக்குக் கட்டையிலதான் நிக்குது. ஒன்னய எதுக்குப் படிக்க வெச்சேன்? மொதலாளி 'மூடு'ன்னா மூடுறதுக்கு நானே போதுமே."

அந்த ஒரு வார்த்தை போதாதா? சொன்னதைச் செய்ய ஆள் நிறைய இருக்கிறார்கள். "இது கூடாது, இப்படிச் செய்யலாம்" என்று சொல்லத்தானே நமக்குப் பட்டயம்?

அடுத்த வாரமே மாமாவைப் பார்க்கப் போனேன். நோட்டில் ஒரு படம் போட்டுக் காட்டினேன். கதவைத் துணியால் மூட வேண்டாம். கதவுக்கு வெளியே நாலடி தள்ளி ஒரு தகரத் தடுப்பு நிறுத்தலாம். வெளிச்சம் தகரத்தில் பட்டு நின்றுவிடும். கதவைத் தள்ளி வருகிறவன் இரண்டு பக்கமும் விலகி ஓடிவிடலாம். மாமா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு ஷீட்டுக்கு மொதலாளி காசு குடுக்கணுமே மாப்ள" என்றார். இரண்டு வாரம் கழித்து ஃபோன் வந்தது. "பழைய ஷீட்டு கெடச்சுது, நிறுத்திட்டேன். உள்ள இருட்டு அப்படியேதான் இருக்கு." இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. டிடெக்டரும் இல்லை, விளக்கும் இல்லை. இருந்தாலும் அந்தக் கதவு இப்போது திறக்கும். ஒவ்வொரு ஊருக்கு மாறும்போதும் ஃபோன் போட்டு, "மாமா, தகரம் நிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நம் வாசலில்

கடைசியாக நம் கதைக்கு வருகிறேன். போன வருஷ ஆண்டு விழாவுக்கு நம் அரங்க வாசலில் குகை செட் போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? தெர்மக்கோல் பாறை, சாக்குத் துணி, உள்ளே சீரியல் பல்பு. எல்லோரும் கை தட்டினார்கள். அரங்கத்துக்கு இரண்டு கதவு. ஒன்றைப் பாறைக்குப் பின்னால் பூட்டிவிட்டோம். தெர்மக்கோல் தீப்பிடித்தால் எப்படி உருகிச் சொட்டும், எப்படிப் புகையும் என்று கெமிஸ்ட்ரியில் படித்தவர்களே அதைச் செய்தோம். அந்தக் குழுவில் நானும் இருந்தேன்.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள்: இந்த வருஷமும் செட் போடுவோம், போன வருஷத்தை விடப் பிரமாதமாகப் போடுவோம். ஆனால் இரண்டு கதவும் திறந்திருக்கட்டும். சீரியல் பல்பு வயர் தெர்மக்கோலைத் தொடாமல் இருக்கட்டும். வாளி மணலும் தீயணைப்பானும் பக்கத்திலேயே இருக்கட்டும். அதை இயக்கத் தெரிந்த இரண்டு பேர் நிகழ்ச்சி முடியும்வரை அங்கேயே நிற்கட்டும். அந்த இரண்டு பேரில் ஒருவனாக என் பெயரை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

நாளைக்கு நம்மில் யாராவது ஒருவர் ஒரு பெரிய பூங்காவில் வேலைக்குப் போவோம். மலை செய்யச் சொல்வார்கள், குகை செய்யச் சொல்வார்கள், பேய் செய்யச் சொல்வார்கள். செய்வோம்! குழந்தைகள் பயந்து அலறட்டும், அலறிவிட்டுச் சிரிக்கட்டும். சிரித்துக்கொண்டே வெளியே வரட்டும். அந்த வெளியே வரும் கதவு நம் பொறுப்பு.

சித்திரம் வரைவோம், முதலில் சுவரைக் காப்போம்!