செட் மாத்திரையும் சேரி உடம்பும்

"உங்க ஜனங்களுக்கு விவரம் பத்தாது, கண்ட மாத்திரையையும் கேட்டு வாங்கித் தின்னுறாங்க." இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு நமக்குப் புளித்துவிட்டது. நாம் திருப்பிக் கேட்போம்: சட்டத்தை மீறுவது வாங்குகிறவரா, விற்கிறவரா?

மருத்துவர் சீட்டுக்குரிய மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநரோ, அவருடைய நேரடி மேற்பார்வையில் இருப்பவரோதான் கொடுக்க வேண்டும் என்கிறது 1945 மருந்து விதிகளின் 65ஆவது விதி. 'எச்' அட்டவணையில் உள்ள மருந்தைச் சீட்டில்லாமல் விற்கவே கூடாது. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த 'எச்1' அட்டவணை இன்னும் கறாரானது. காசநோய் மருந்துகளும் வீரியமான ஆன்டிபயாடிக்குகளும் அதில் வருகின்றன. எழுதிக்கொடுத்த மருத்துவர் யார், நோயாளி யார், எவ்வளவு விற்றது என்று தனிப் பதிவேட்டில் குறித்து, அதை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

இப்போது காலனிக்குப் பக்கத்து மெடிக்கலுக்கு வாருங்கள் தோழர்களே. சுவரில் மருந்தாளுநரின் சான்றிதழ் தொங்கும், ஆள் இருக்க மாட்டார். "உடம்பு வலி" என்றால் நாலைந்து மாத்திரைகளை வெட்டி, காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். மருந்தின் பெயர் இருக்காது, காலாவதித் தேதி இருக்காது, பில் இருக்காது. இதுதான் செட் மாத்திரை. அதில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருக்கலாம், டைக்ளோஃபெனாக் இருக்கலாம். இரண்டுமே 'எச்' அட்டவணை மருந்துகள். தின்றால் மறுநாள் நடவுக்கு எழுந்து போய்விடலாம். மாதக்கணக்கில் தின்றால் சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும், சிறுநீரகம் கெடும்.

தெரிந்தும் ஏன் போகிறார்கள்? பகலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. வேலை முடிந்து திரும்பும் இரவு எட்டு மணிக்குத் திறந்திருப்பது மெடிக்கல் மட்டும்தான். கூலிக்காரரின் இந்தக் கணக்குக்கு அறியாமை என்று பெயர் வைக்கிறார்கள்.

"விதியை இறுக்கினால் ஏழைக்கு மருந்தே கிடைக்காது" என்று முற்போக்கு நண்பர்கள் சிலரும் சொல்கிறார்கள். தங்கள் வீட்டுக் குழந்தைக்குப் பெயர் தெரியாத மாத்திரையை அவர்கள் கொடுப்பார்களா? நகரத்துக்காரருக்குப் பாதுகாப்பு, சேரிக்குச் சலுகை என்ற பெயரில் ஆபத்து. இந்த இரட்டைக் குவளை நமக்குப் புதிதல்ல. விதியும் நடக்க வேண்டும், மாலையில் மருத்துவரும் இருக்க வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்காதீர்கள்.

டி.பார்ம், பி.பார்ம் படிக்கும் நம் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் சான்றிதழை மாத வாடகைக்குக் கேட்டு வருவார்கள். உங்கள் பெயர் மட்டும் கடையில் தொங்கினால் போதும், நீங்கள் வர வேண்டாம் என்பார்கள். கொடுக்காதீர்கள். உங்கள் அம்மாவுக்கு யாரோ வெட்டிக் கொடுக்கும் மாத்திரைக்கு உங்கள் பெயர் மறைப்பாக வேண்டாம். வேலையைக் கேளுங்கள், அந்தக் கடைக்குள் நிற்கும் உரிமையைக் கேளுங்கள்.

மற்றவர்களுக்கும் வேலை இருக்கிறது. மாத்திரையை அட்டையோடு கேளுங்கள். பில் கேளுங்கள். "மருந்தாளுநர் எங்கே?" என்று நாலு பேர் காதில் விழக் கேளுங்கள். உங்கள் வட்டாரக் கடைகளில் மருந்து ஆய்வாளர் கடைசியாக எப்போது சோதனை செய்தார், என்ன நடவடிக்கை எடுத்தார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பதில் வந்தால் அதை ஊர்க்கூட்டத்தில் வாசிப்போம். வராவிட்டால் மேல்முறையீட்டுக்குப் போவோம்.