உங்கள் ரோமப் பெயர் என்ன?



தங்கள் பெயரின் எழுத்துக்களைக் கொண்டு பண்டைய ரோமப் பெயர் ஒன்றை அமைத்துப் பார்ப்பது பிள்ளைகளுக்கு உவப்பான விளையாட்டு. இறுதியில் 'அஸ்' சேர்த்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். ரோமர் பெயரிட்ட முறையோ வேறு.

ரோமக் குடிமகனுக்குப் பெரும்பாலும் மூன்று பெயர்கள் உண்டு. முதலாவது இயற்பெயர். மார்க்கஸ், லூசியஸ், டெசிமஸ் எனப் பெருவழக்கிலிருந்தவை 20 அளவே. ஆகையால் ஓரிரு எழுத்தால் சுருக்கி எழுதினர். இரண்டாவது குலப்பெயர், இது பொதுவாக 'இயஸ்' என முடியும். மூன்றாவது குடும்பக் கிளையின் பெயர். மார்க்கஸ் டுல்லியஸ் சிசரோ (கி.மு. 106–43) இதற்குச் சான்று. கல்வெட்டுகளில் தந்தையின் இயற்பெயரும், நமது இனிஷியலைப் போலவே, சுருக்கமாகச் சேர்ந்து வரும்.

இம்முறைப்படி செல்வராஜின் மகன் டேனியலுக்கு 'டெசிமஸ் செல்வியஸ் டேனியல்' என்று பெயரமைக்கலாம். பெண்மக்கள் குலப்பெயரின் பெண்பால் வடிவத்தைப் பெற்றனர். சிசரோவின் மகள் டுல்லியா. அவ்வாறே டேனியலின் தங்கை 'செல்வியா' ஆவாள்.

விடுதலை பெற்ற அடிமை, தன்னை விடுவித்த எஜமானின் முதலிரு பெயர்களையும் ஏற்றுக்கொண்டு, தன் பழைய பெயரை மூன்றாவதாக வைத்துக்கொண்டான். சிசரோவின் அடிமையாயிருந்த டீரோ, 'மார்க்கஸ் டுல்லியஸ் டீரோ' ஆனார். மிகுந்த திரவியம் கொடுத்துக் குடியுரிமை பெற்றதாகப் பவுலிடம் கூறிய சேனாபதியின் பெயரைப் பாருங்கள்: கிலவுதியு லீசியா (அப். 22:28; 23:26). லீசியா என்பது கிரேக்கப் பெயர். கிலவுதியு என்பதோ, கி.பி. 41 முதல் 54 வரை ஆண்ட இராயனின் குலப்பெயர்.

இவ்விதமாய், ஒருவன் யாருக்குரியவன் என்பதை ரோமப் பெயர் அறிவித்தது. அந்தியோகியாவில் சீஷர்களுக்கு முதன்முதல் வழங்கிய பெயரும் (அப். 11:26) அவ்வகையினதே. 'கிறிஸ்தியானஸ்' என்பதன் இறுதியிலுள்ள 'இயானஸ்' இலத்தீன் விகுதி. 'அவரைச் சார்ந்தவர்' என்பது அதன் பொருள். ஏரோதைச் சார்ந்தோர் ஏரோதியர் எனப்பட்டதும் இவ்வழியே.

சொந்த ஊரை விட்டு வந்து, நகரத்து விண்ணப்பப் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்னும் கட்டத்தின் முன் எதை எழுதுவதென்று தயங்கி நிற்கிறோம் அல்லவா? பிரியமானவர்களே, ரோமர் வழக்கில் அமைந்த குடும்பப் பெயர் ஒன்று நமக்கு முன்னமே உண்டு. இன்றிரவு குடும்ப ஜெபத்திற்குப் பின் அதைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லுங்கள்.