ஐ7 போட்டாலும் விண்டோஸ் 11 ஏறாது



விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. அதிலிருந்து டவுன், கிண்ணியா, மூதூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் எனக்கு வருவது ஒரே கேள்விதான். "சேர், வீட்டில இருக்கிற பழைய ஒல்-இன்-வன் கொம்பியூட்டருக்கு ஐ7 புரோசசர் போட்டா விண்டோஸ் 11 ஏறும் எண்டு கடையில சொல்றாங்க, போடலாமா?" கேட்பவர்களில் பாதிப்பேர் பிள்ளையின் உயர்தர ஐ.சி.ரி. பாடத்துக்காகச் சீட்டுக்காசை எடுத்து வைத்திருக்கும் உம்மாமார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

போட வேண்டாம்.

இன்டெல் புரோசசர்களில் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்கிறது. டெல் ஒப்டிபிளெக்ஸ் 9020, எச்.பி. புரோவன் 600 ஜி1, லெனோவோ எம்93இசட் போன்ற ஒல்-இன்-வன்கள் எல்லாம் 4ஆம் தலைமுறை. அந்தப் போர்டில் அதற்கு மேல் எதுவும் ஓடாது. 4ஆம் தலைமுறை ஐ3ஐக் கழற்றி 4ஆம் தலைமுறை ஐ7 போட்டால், மெஷின் கொஞ்சம் வேகமாகலாம், விண்டோஸ் 11க்கு அது அதே பழைய மெஷின்தான். 6ஆம் தலைமுறை மெஷின் வைத்திருப்பவர்கள் 7 வரை போகலாம், அதுவும் போதாது. இதில் ஒரு பொறி இருக்கிறது. 6க்கும் 8க்கும் சொக்கட்டின் பெயர் ஒன்றுதான், 1151. புரோசசர் அச்சாக உட்காரும், மெஷின் மட்டும் ஓடாது. குறுக்குவழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றித் தருகிறவர்கள் உண்டு. அப்படி ஏற்றுவதற்குப் புரோசசர் மாற்றவே தேவையில்லை, பிறகு அப்டேட் வரும் என்ற உத்தரவாதமும் இல்லை.

இன்னொரு விஷயம் சூடு. ஒல்-இன்-வன் என்பது மொனிட்டரின் முதுகில் கட்டிய கொம்பியூட்டர், காற்றோட இடமில்லை. ஐ7-4770 என்ற ஒரே எண்ணில் பல வகை உண்டு. எழுத்தில்லாதது 84 வாட், எஸ் போட்டது 65 வாட், டி போட்டது 45 வாட். 65 வாட்டுக்குச் செய்த கூலரின் கீழே 84 வாட்டை வைத்தால் சூம் வகுப்புத் தொடங்கிச் சற்று நேரத்தில் 100 டிகிரியை நெருங்கி, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சிலது பட்டென்று நின்றுவிடும். மார்ச், ஏப்ரலில் எங்கள் ஊர் வெக்கையில் வேறு சொல்லவும் வேண்டுமா. இன்னும் சில மெஷின்களில், குறிப்பாக எண்ணின் முடிவில் யு என்று இருப்பவற்றில், புரோசசர் போர்டோடு ஈயம் வைத்து ஒட்டியிருக்கும். அதை மாற்றவே முடியாது.

ஏற்கெனவே மாற்றி, ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாக நிற்கிறது என்றால் பயப்பட வேண்டாம். முதலில் பழைய புரோசசரைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். அதில் திரை வந்தால் போர்டு நலம், பெரும்பாலும் பயோஸ்தான் பழையது. பழைய புரோசசர் உள்ளே இருக்கும்போதே பயோஸை அப்டேட் செய்துவிட்டுப் புதியதைப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் போர்டே செத்துவிடும், யூ.பி.எஸ். இல்லாமல் தொடாதீர்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கால் நாடு முழுக்கக் கரண்ட் நின்றதாக அமைச்சர் சொன்னது நினைவிருக்கும்தானே.

பழையதைப் போட்டும் திரை வரவில்லை என்றால், கரண்ட் வயரைக் கழற்றி, போர்டில் உள்ள சி.ஆர். 2032 காசுப் பற்றரியைச் சில நிமிடம் எடுத்துவிட்டு மாட்டுங்கள். ரேமை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். துறைமுகத்துப் பக்க வீடுகளில் உப்புக்காற்றுக்கு ரேமின் பித்தளை நிற முனை மங்கிப்போயிருக்கும், பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் துடைக்கலாம். மொனிட்டருக்குப் போகும் மெல்லிய கேபிள் திறந்து மூடும்போது கழன்றிருக்கவும் கூடும். கடைசியாக சொக்கட். ஊசிகள் புரோசசரில் இல்லை, போர்டில் இருக்கின்றன, 1150 மெல்லிய ஊசிகள். போன் டோர்ச்சைச் சரித்துப் பிடித்தால் வரிசையில் எது வளைந்திருக்கிறது என்று தெரியும். ஒரு ஊசி வளைந்தாலே ஒரு பக்க ரேம் காணாமல் போகும். கை நடுக்கமில்லாத ஒருவர்தான் அதை நிமிர்த்த வேண்டும்.

இப்போது கடைக்காரச் சகோதரர்களுக்கு. கழற்றிய பழைய புரோசசர் உங்கள் சொத்து அல்ல, அது அமானத். கேட்காமலே கையில் கொடுங்கள். கொடுக்காமல் விடுவதால்தான் மேலே சொன்ன முதல் சோதனையைக்கூட அந்த வாடிக்கையாளரால் செய்ய முடியாமல் போகிறது. "விண்டோஸ் 11 ஏறும்" என்று சொல்லி விற்றது ஏறாவிட்டால் காசைத் திருப்பிக் கொடுங்கள். மறைத்த குறை தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்கு உரிமை உண்டு. கியாருல் ஐப் என்று மத்ரஸாவில் ஓதியவர்கள்தானே நாங்கள்?

உம்மாமாருக்கு: அந்தக் காசில் ஒரு எஸ்.எஸ்.டி. போடுங்கள், ரேமை 8 ஜி.பி. ஆக்குங்கள். பழைய மெஷின் ஊர்வதற்குப் பெரும்பாலும் காரணம் சுற்றும் ஹாட் டிஸ்க்தான். பிறகு லினக்ஸ் மின்ட் ஏற்றலாம், அது இலவசம். உயர்தரத்துக்கு வேண்டிய பைதன் அதில் நன்றாகவே ஓடும். விண்டோஸ் 10தான் வேண்டும் என்பவர்கள், பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் 2026 ஒக்டோபர் வரை நீட்டிக்க மைக்ரோசொஃப்ட் வைத்திருக்கும் திட்டத்தில் சேரலாம்.

உங்கள் மெஷினின் மாடல் எண்ணையும் இப்போதுள்ள புரோசசரின் எண்ணையும் கீழே கொமெண்டில் போடுங்கள். காசு கொடுக்கும் முன் போடுங்கள். இஷாவுக்குப் பிறகு பார்த்து ஒவ்வொன்றாகப் பதில் தருகிறேன், இன்ஷா அல்லாஹ்.