குரூப்பில் போட்டாச்சு, பாருங்க

நாலாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு அன்றைக்கு என்ன வீட்டுப்பாடம் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். அதுவும் ராத்திரி ஏழரைக்கு மேல், மிஸ் வாட்ஸப் குரூப்பில் போட்ட பிறகு. அதுவரை பையன் ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் சைக்கிள் விட்டுக்கொண்டிருப்பான். "ஹோம்வொர்க் என்னடா?" என்றால், "குரூப்ல வரும்மா" என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் வரும். படிப்பது அவனா நானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஜூன் மாதம் காசு வாங்கிக்கொண்டு கொடுத்த ஹோம்வொர்க் டைரி ஒன்று பையில் இருக்கிறது. பளபளவென்று அட்டை, முதல் பக்கத்தில் கரஸ்பாண்டென்ட் படம், அடுத்து பள்ளிக் கீதம். அதற்கப்புறம் ஒரு எழுத்து கிடையாது. போர்டில் இருப்பதைப் பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டு வந்த காலம் போய், இப்போது அந்தப் போர்டையே சாய்வாக ஒரு போட்டோ எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதைத் தேடிப் பிடிப்பது தனி வேலை. கீழே வரிசையாக 'ஓகே மேம்', 'நோட்டட் மேம்', கும்பிடு போடும் கைகள். நடுவில் யாரோ ஒரு தாத்தா நம்பெருமாள் புறப்பாட்டு வீடியோவை அனுப்பியிருப்பார். அதற்கும் 'ஓகே மேம்' என்று ஒருவர்.

குரூப் போதாதென்று ஆப் வேறு. ஃபீஸ் கட்ட, மார்க் பார்க்க, வேன் எங்கே வருகிறது என்று பார்க்க, சர்க்குலர் படிக்க. நாளைக் காலை பச்சை சார்ட் பேப்பர் வேண்டும் என்பது அதில் எத்தனை மணிக்கு வரும் தெரியுமா? ஸ்டேஷனரி கடைக்காரர் ஷட்டரை இறக்கிய பிறகு.

இதற்கெல்லாம் மேலே ப்ராஜெக்ட். தெற்கு வாசல் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. ராத்திரி ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள், மார்கழி மாத தரிசன க்யூ மாதிரி அப்பா அம்மாக்கள் போனும் கையுமாக நிற்பார்கள். கடைக்காரர் நிமிராமலே கேட்பார்.

"எந்த செக்‌ஷன்க்கா?"

"சி."

"சி-க்கு மலைக்கோட்டை. ஏ-க்குதான் கல்லணை. கலர் பத்து ரூபா. லேமினேஷன் போடணுமா?"

மிஸ்ஸைவிட அவருக்குத்தான் பாடத்திட்டம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நம் ஊர் நினைவுச்சின்னம் ஒன்றின் படத்தை ஒட்டி ஐந்து வரி எழுத வேண்டும், அதுதான் ப்ராஜெக்ட். எனக்கு ஆற்றாமை எங்கே என்றால், பள்ளிக்கூட மொட்டை மாடியில் நின்றால் மலைக்கோட்டை கண்ணெதிரே தெரியும். பையன் ஒட்டியது யாரோ எடுத்த படம், தெப்பக்குளத் தண்ணீரில் விளக்கெல்லாம் விழுந்து சினிமா செட் மாதிரி. ஐந்து வரியும் கூகுளில் இருந்து. அதில் ஒரு வரி, உயரம் 83 மீட்டர். "நம்ம வீட்டைவிட எவ்வளவும்மா?" என்று கேட்டான். இன்னொரு வரியில் மகேந்திரவர்மன் வந்தான். அவன் ஏழாம் நூற்றாண்டில் குடைந்த குகை, உச்சிப் பிள்ளையாருக்குப் படியேறும் வழியிலேயே இருக்கிறது. தூணில் கிரந்த எழுத்து, சுவரில் கங்கையைச் சடையில் தாங்கும் கங்காதரர். நானூறு சொச்சம் படியில் பாதியைத் தாண்டிவிட்டு ஐந்து நிமிஷம் பிள்ளைகளை அங்கே நிறுத்தினால் போதும். ஆனால் ஸ்மார்ட் கிளாஸில் எகிப்து பிரமிடு முப்பரிமாணத்தில் சுற்றிச் சுற்றிக் காட்டியாகிவிட்டது. இன்னும் என்ன வேண்டுமாம்!

இப்படிப் புலம்பினால் உடனே, "நீங்க டெக்னாலஜிக்கு எதிரியா?" என்று ஒரு கேள்வி வரும். நான் காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை தில்லை நகரில் ஓர் ஆபீஸில் டேலியிலும் எக்ஸெல்லிலும் குடித்தனம் நடத்துகிறவள். கம்ப்யூட்டர்தான் எனக்குச் சோறு போடுகிறது. அதனால்தான் வயிறு எரிகிறது.

பரீட்சைக்கு முந்தின நாள் பையன் சத்தம் போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். என்னடா என்று எட்டிப் பார்த்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ். 'எம்எஸ் பெயின்ட்டைத் திறக்கும் படிகள்: ஒன்று, ஸ்டார்ட் பட்டனைக் கிளிக் செய்க. இரண்டு, ஆல் ப்ரோகிராம்ஸ் செல்க...' ஐந்து படிகள். நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதி, மிஸ் சிவப்பு மையில் டிக் அடித்திருக்கிறார். அடுத்த பக்கத்தில் 'மவுஸ் படம் வரைந்து பாகங்களைக் குறி.' வரைந்திருந்தான். இடது பட்டன், வலது பட்டன், நடுவில் ஸ்க்ரோல் வீல், அம்புக்குறியெல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தான். "இதைக் கையில பிடிச்சிருக்கியாடா?" என்றேன். லேப் வாரத்துக்கு ஒரு பீரியடாம். ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர், ரோல் நம்பர் வரிசைப்படி. இவன் முறை வருவதற்குள் பெல் அடித்துவிடுமாம். ஆனாலும் செருப்பை வெளியே வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம், அதில் மட்டும் குறையில்லை.

கோளாறு இதுதான். நோட்டில் இருக்க வேண்டியதெல்லாம் போனுக்குப் போய்விட்டது. கம்ப்யூட்டரில் செய்து பார்க்க வேண்டியதெல்லாம் நோட்டில் உட்கார்ந்திருக்கிறது. இந்த இரண்டையும் இடம் மாற்றி வைத்தாலே பாதிக் குடும்பங்களில் ராத்திரிச் சண்டை ஓயும்.

"சுஜாதா ஊர்க்காரங்களே இப்படிப் பேசலாமா?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். எழுத்தாளர் சுஜாதா ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் பங்கெடுத்த மனுஷர்தான். கம்ப்யூட்டரைப் பார்த்தேயிராத தமிழர்களுக்குக்கூட அது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பத்திரிகையில் எழுதிப் புரியவைத்தார். ஜூனியர் விகடனில் 'ஏன்? எதற்கு? எப்படி?' வந்தது வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதிலாக. என் மகனுக்குக் கேள்வி கேட்கவே வழியில்லையே. வீடியோ ஓடும், முடியும், அடுத்த வீடியோ ஓடும். அதில் பேசுகிற குரலுக்கும் திருச்சிக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

அரசு செய்த நல்லதையும் சொல்லிவிட வேண்டும். 2011 செப்டம்பர் 15 அன்று, அப்போது ஸ்ரீரங்கம் எம்எல்ஏவாகவும் இருந்த முதல்வர் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கினார். கொரோனா வந்து நிற்கும்வரை 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்திருக்கிறார்கள். விற்றார்கள், சினிமா பார்த்தார்கள் என்று அப்போது நாமே எவ்வளவு நக்கலடித்தோம்! என் ஆபீஸில் முசிறிப் பக்கத்திலிருந்து வரும் பெண் ஒருத்தி எக்ஸெல் கற்றுக்கொண்டது அந்த லேப்டாப்பில்தான். வைரஸ் ஏறி, தானே ஃபார்மட் செய்து, மறுபடி கெடுத்து, மறுபடி சரி செய்து. கருவி பிள்ளையின் கையில் இருந்தது, கெடுத்துப் பார்க்கும் உரிமையோடு. அப்பாவின் சட்டைப்பையில் இல்லை.

2018 முதல் வந்த அரசுப் பாடநூல்களில் கியூஆர் கோடு அச்சிட்டார்கள். பாடத்துக்கு வீடியோ, கூடுதல் பயிற்சி என்று உள்ளே சரக்கு நன்றாகவே இருக்கிறது, நானே என் நாத்தனார் மகளுக்காகத் திறந்து பார்த்தேன். ஸ்கேன் செய்யப் போன் வேண்டும். பள்ளிக்குப் பிள்ளைகள் போன் கொண்டுவரக் கூடாது. வீட்டில் இருக்கும் ஒரே போன் லோடு ஆட்டோ ஓட்டும் அப்பாவோடு காந்தி மார்க்கெட்டில் இருக்கும். அவர் திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும்.

அந்த நாத்தனார் லால்குடி தாண்டி ஓர் அரசுப் பள்ளியில் டீச்சர். என் கதையைக் கேட்டு அவர் சிரித்துவிட்டார். "உனக்கு ஒரு பிள்ளைக்கு வருது, எனக்கு முப்பது பிள்ளைக்கு." காலையில் முதல் வேலை செயலியில் வருகைப் பதிவு. திரையில் சுற்றும் சக்கரம் நிற்கும்வரை ஜன்னல் கம்பியை ஒட்டிப் போனைத் தூக்கிப் பிடித்து நிற்க வேண்டும். பிறகு கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ரத்த வகை, உயரம், எடை, சைக்கிள், செருப்பு, புத்தகப் பை என்று எல்லாக் கணக்கும். கொரோனாவில் விட்டுப்போன படிப்பைப் பிடிக்க 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' நல்ல திட்டம், பாட்டும் படமும் அட்டையுமாகப் பிள்ளைகள் ரசிக்கிறார்கள் என்று அவரே சொல்வார். மதிப்பீட்டை ஒவ்வொரு பிள்ளைக்காகப் போனில் தட்டுவதுதான் வயிற்றைக் கலக்கும். எமிஸ் வேலையிலிருந்து விடுவியுங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் கொடிபிடித்ததெல்லாம் ஊரறிந்தது. "போனைப் பார்க்காதீங்கன்னு பிள்ளைங்களுக்குச் சொல்ல எனக்கே கூச்சமா இருக்கு. நாள் பூரா அதைத்தானே பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றார்.

இதெல்லாம் ஆரம்பித்த இடம் நமக்குத் தெரியும். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். வேறு வழியில்லாமல் குரூப் தொடங்கினோம், கடன் வாங்கிக்கூடப் போன் வாங்கினோம். 2021 நவம்பர் 1-ஆம் தேதி சின்னப் பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்தது. பிள்ளைகள் திரும்பிப் போனார்கள், குரூப் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. பள்ளிக்கு இது சௌகரியமாகிப் போனது. பிள்ளை எழுதிக்கொண்டானா என்று பார்க்க வேண்டாம், புரிந்ததா என்று கேட்க வேண்டாம், 'போட்டாச்சு' என்றால் கடமை முடிந்தது. அப்புறம் அது அம்மா பாடு. ஆமாம், அம்மா பாடுதான். எங்கள் வகுப்பு குரூப்பில் அப்பாக்கள் பாதிக்கு மேல், வாய் திறப்பது ஃபீஸ் விஷயத்தில் மட்டும்.

வீட்டுப்பாடத்துக்கென்று நான் நீட்டும் போன் அதோடு திரும்பி வருவதில்லை என்பது இன்னொரு கஷ்டம். 2024 ஏசர் கல்வி ஆய்வில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த கிராமப்புறத்து 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் முந்தின வாரம் படிப்புக்காகப் போனைத் தொட்டவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்காகத் தொட்டவர்கள் 76 சதவீதம். பட்டணத்து வீடுகளில் இது மாறிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. யுனெஸ்கோவின் 2023 அறிக்கை, கருவி யாருக்காக, யார் சொல்படி என்று கேட்டது. அதே வருஷம் ஸ்வீடன் அரசு, திரையைக் குறைத்து அச்சுப் புத்தகத்துக்குத் திரும்புவோம் என்று பணம் ஒதுக்கியது. பணக்கார நாடு, எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது. நாம் இப்போதுதான் தவணையில் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

பெற்றோர் கூட்டத்தில் எழுந்து இரண்டே இரண்டு கேட்டேன். வீட்டுப்பாடத்தைப் பிள்ளைகள் கையால் டைரியில் எழுதட்டும், லேபில் ஒவ்வொருவரும் பத்து நிமிஷமாவது தனியாக உட்காரட்டும். பின்வரிசையில் நாலைந்து அம்மாக்கள் தலையாட்டினார்கள். நிர்வாகத்தின் பதில் அடுத்த வருஷ ஃபீஸ் பட்டியலில் வந்திருக்கிறது. 2026-27 முதல் மூன்றாம் வகுப்பிலிருந்தே செயற்கை நுண்ணறிவைப் பாடமாக்கப்போவதாக மத்தியக் கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் சொன்னதல்லவா, நம் பள்ளி பின்தங்குமா? ஸ்மார்ட் கிளாஸ் கட்டணத்துக்குக் கீழே 'ஏஐ லேப்' என்று புதிதாக ஒரு வரி. கட்டத்தான் போகிறேன், கட்டாமல் எங்கே போவது? அதற்கும் படம் வரைந்து பாகங்களைக் குறிக்க வேண்டியிருக்குமா என்று மட்டும் மிஸ்ஸிடம் கேட்டிருக்கிறேன்.